‘ஆற்ற கை இது?’: பாரிசவாதத்துக்குப் பிறகு கை ஏன் அந்நியமாகிறது, ஏன் தன்பாட்டில் அசைகிறது

பெரியம்மா பாரிசவாதம் வந்து வார்ட்டில் கிடந்த நான்காம் நாள். இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. காலையிலேயே வெள்ளவத்தையிலிருந்து தேத்தண்ணிப் போத்தலோடு போய் அவருடைய இடப்பக்கமாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், “பிள்ளை, உன்ர கையை எடு. பாரமாக் கிடக்கு” என்றார். என் இரண்டு கைகளும் போத்தலைப் பிடித்தபடி என் மடியில் இருந்தன. அவர் வயிற்றின் மேல் கிடந்தது அவருடைய இடது கை.

“பெரியம்மா, இது உங்கட கை” என்று தூக்கிக் காட்டினேன். வடிவாகப் பார்த்தார். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை கண்ணை ஓடவிட்டார். பிறகு நிதானமாக, “என்ர கை இப்பிடிச் சுருங்கியே இருக்கும்? ஆற்ற கை இது?” என்று கேட்டார்.

பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்திருந்த ஒருவர், “மூளை குழம்பிட்டுது போல” என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று முழுக்க எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் பெரியம்மா அன்றைய திகதியைச் சரியாகச் சொன்னார். பென்ஷன் எடுக்க ஆர் போவது என்று யோசித்தார். பேரன் சோதனைக்குப் படிக்கிறானா என்று விசாரித்தார். எல்லாம் சரியாக இருந்தது, அந்த ஒரு கையைத் தவிர.

பாரிசவாதம் வந்தவர் வீட்டில் இருந்தால் நீங்களும் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கக்கூடும். “இது என்ர கை இல்லை” என்பார்கள். அல்லது விழுந்துபோன கை திடீரென்று எழும்பும். அல்லது கை சொன்னதைக் கேட்காமல் எதையாவது பிடித்துக்கொண்டு விடாது. வீட்டுக்காரர் பயந்துபோவார்கள், பேய் என்பார்கள், வீம்பு என்பார்கள், சிலவேளை அற்புதம் என்பார்கள். இவை மூளையில் எந்த இடம் அடிபட்டது என்பதைப் பொறுத்து வருகிறவை. இதை எனக்கு அந்த முதல் கிழமையிலேயே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ அழுகை மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவள். இந்த விஷயம் எனக்குப் பிடிபட்டதே இலக்கணத்தால்தான். ‘கையை அசைத்தேன்’ என்பதும் ‘கை அசைந்தது’ என்பதும் வேறு வேறு. முதலாவதில் அசைக்கிற ஓர் ஆள் இருக்கிறார், இரண்டாவதில் இல்லை. அதேபோல ஆறாம் வேற்றுமையில் ‘கிழமை’, அதாவது உடைமை, இரண்டு வகை என்று படிப்பிப்போம். ‘சாத்தனது கை’ என்றால் தற்கிழமை, அவனிடமிருந்து பிரிக்க முடியாத உடைமை. ‘சாத்தனது வீடு’ என்றால் பிறிதின்கிழமை, பிரிந்து நிற்கக்கூடிய உடைமை. கை எப்போதும் தற்கிழமைக்குத்தான் உதாரணம். அது பிறிதின்கிழமையாக மாற முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆக, கேள்விகள் இரண்டு. இதை அசைத்தது யார்? இது யாருடையது? நமக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே ஒட்டிக்கிடப்பதால் தனித்தனிக் கேள்விகளாகவே தெரிவதில்லை. மூளை இவற்றுக்கு வெவ்வேறு இடங்களில் பதில் தேடுகிறது. பாரிசவாதம் என்பது மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் அடைபடுவது, அல்லது இரத்தக்குழாய் வெடித்துக் கசிவது. எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து ஒரு கேள்வியின் பதில் கெட்டு மற்றது நன்றாக இருக்கலாம்.

முதலில் ‘யாருடையது’ என்பதைப் பார்ப்போம். பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான்.

என் கை என்னுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மூளைக்கு இது ஒரு வேலை. கண் ஒரு செய்தி அனுப்புகிறது. தோல் ஒரு செய்தி அனுப்புகிறது. தசையும் மூட்டும், கை இப்போது எங்கே, எப்படி மடிந்திருக்கிறது என்று இன்னொரு செய்தி அனுப்புகின்றன. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது இந்த மூன்றாவதால்தான். மூன்றும் ஒத்துப்போனால் ‘என் கை’ என்ற உணர்வு பிறக்கிறது.

இதை ஏமாற்றலாம். 1998இல் மத்தியூ பொட்வினிக், ஜொனாதன் கோஹன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒருவரின் கையை ஒரு மறைப்புக்குப் பின்னால் வைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு ரப்பர் கையை வைத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே விதமாகத் தூரிகையால் தடவினார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு அந்த ரப்பர் கையே தன் கைபோலத் தோன்றத் தொடங்கியது. பாத்திரம் கழுவும் கையுறைக்குள் பஞ்சை அடைத்து நான் வகுப்பில் செய்து பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இன்னொரு பிள்ளை, நான் அடிமட்டத்தை ஓங்கியதும் தன் நிஜக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இரண்டு நிமிடத் தடவலில் சுகதேகியின் மூளையே ஒரு கையுறையைச் சொந்தமாக்கிக்கொள்ளுமென்றால், அடிபட்ட மூளை சொந்தக் கையைக் கைவிடுவதில் என்ன அதிசயம்?

மூளையின் வலது பாதி உடலின் இடது பாதியை ஆள்கிறது. வலது பாதியில், காதுக்கு மேலே சற்றுப் பின்னாலும் அதற்கு உள்ளேயும் உள்ள இடங்கள், அந்தச் செய்திகளைச் சேர்த்து முடைகிற வேலையில் பெரும் பங்கு வகிக்கின்றன. அங்கே பெரிதாக அடிபட்டால் இடது கையிலிருந்து வரும் உணர்வும் நின்றுபோகிறது, முடைகிற இடமும் கெட்டுப்போகிறது. கண் மட்டும் ஒரு கையைக் காண்கிறது. உணர்வில்லாத, அசையாத, பாரமான ஒரு கை தன் வயிற்றில் கிடக்கிறது. மிச்ச மூளை நன்றாக வேலை செய்கிறதே, அது சும்மா இருக்காது, காரணம் தேடும். யாரோ ஒருவரின் கையாகத்தான் இருக்க வேண்டும், பக்கத்தில் இருக்கிறவள் மகள், ஆகவே மகளின் கை. பெரியம்மா என்னைச் சொன்னதும் இப்படித்தான். வேண்டுமென்று கட்டிய கதை இல்லை. கையில் இருந்த தகவலை வைத்து அவருடைய மூளை போட்ட கணக்கு.

இதை 1942இல் ஜோசப் கெர்ஸ்ட்மன் என்ற நரம்பியல் மருத்துவர் தனி நிலையாகப் பெயரிட்டு எழுதினார். 1996இல் இத்தாலிய ஆய்வாளர்கள் எழுதிய ஒரு பெண்ணின் கதை எனக்கு மறக்காது. அவர் இடது கையைத் தன்னுடையது இல்லை என்றார். அந்தக் கையில் போட்டிருந்த மோதிரங்களையும் தன்னுடையவை இல்லை என்றார். அதே மோதிரங்களைக் கழற்றி வலது கையில் போட்டதும், தன்னுடையவை என்று அடையாளம் சொன்னார். கை அந்நியமானபோது அதோடு மோதிரமும் போய்விட்டிருக்கிறது.

ஏன் பெரும்பாலும் இடது கை? உடலையும் சுற்றியுள்ள இடத்தையும் கவனிக்கிற வேலையில் வலது மூளைக்கு இரண்டு பக்கப் பொறுப்பும் உண்டு, அது விழுந்தால் இடது பக்கத்தைப் பார்க்க ஆளில்லை. இடது மூளையில் அடிபட்டவர்கள் பலருக்குப் பேச்சும் போய்விடுவதால், அவர்கள் வலது கையைப் பற்றி என்ன உணர்கிறார்கள் என்று சொல்ல முடியாமலும் இருக்கும்.

இதோடு சேர்ந்து வரக்கூடிய இன்னொன்றையும் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தனக்குக் கைகால் விழுந்ததே தெரியாமல் இருப்பது. 1914இல் பாரிஸ் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி இதற்குப் பெயர் வைத்தார். “இடது கையைத் தூக்குங்கோ” என்றால் கை அப்படியே கிடக்கும், அவர் “தூக்கிட்டனே” என்பார். பொய் இல்லை. ஏற்க மனமில்லாமல் மறுப்பதும் இல்லை. பிழையைக் கண்டுபிடிக்கிற இடமே பழுதுபட்டிருக்கிறது. ஆபத்து என்னவென்றால், தனக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறவர் இரவில் எழும்பி நடக்கப் பார்ப்பார். எங்கள் வீட்டில் பெரியம்மா வீட்டுக்கு வந்த இரண்டாம் இரவே கட்டிலிலிருந்து விழுந்தார். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. அப்புறம் கட்டிலின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மற்றப் பக்கம் நான் பாயில் படுத்தேன்.

இனி மற்றக் கேள்வி, ‘யார் அசைத்தது?’

உங்களை நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டிப் பாருங்கள். வராது. கையை அசைக்கக் கட்டளை அனுப்பும்போதே மூளை அதன் பிரதி ஒன்றைத் தனக்கும் வைத்துக்கொள்கிறது, இனி இன்ன உணர்வு வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. வந்தது எதிர்பார்த்ததோடு ஒத்துப்போனால் ‘நான் செய்தது’. பிரதி இல்லாமல் கை அசைந்தால் ‘நான் செய்யவில்லை, அது அசைந்தது’.

இந்த இடத்தில் கெடும்போது வருவதுதான் ‘அந்நியக் கை’ என்று சொல்லப்படும் நிலை. இதில் கை விழுந்திருக்காது. நன்றாக அசையும், காரியமும் செய்யும். ஆனால் உரியவர் கேட்டதை அல்ல. கதவுப்பிடியைப் பிடித்தால் விடாது. மேசையில் இருக்கிற கரண்டியைத் தேடிப்போய் எடுக்கும். வலது கை சட்டைப் பொத்தானைப் பூட்டப் பூட்ட இடது கை கழற்றிக்கொண்டு வரும். அவரைக் கேட்டால், “என்ர கைதான், ஆனா நான் செய்யேல்லை” என்பார். பெரியம்மாவுக்கு நேர் எதிர். அவருக்குக் கை அசையவில்லை, உரிமை போய்விட்டது. இவருக்கு உரிமை இருக்கிறது, ஆட்சி போய்விட்டது. சிலருக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தும் வரும்.

1908இல் ஜேர்மன் மருத்துவர் குர்ட் கோல்ட்ஸ்டைன் இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவருடைய இடது கை அவர் கழுத்தையே பிடித்தது, மற்றக் கையால்தான் விலக்க வேண்டியிருந்தது. அந்தக் கைக்குள் ஏதோ கெட்ட ஆவி இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். பிறகு பார்த்தபோது, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கிற பாலத்தில் சேதம் இருந்தது. ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் ஓடுகிற பாலம் அது. அது அறுந்தால் இரு பாதிகளும் பேசிக்கொள்ள முடியாமல் இரு கைகளும் சண்டை பிடிக்கின்றன. நெற்றிக்குப் பின்னே, இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கிற உட்சுவரில் அடிபட்டாலோ, கண்டதைப் பிடிப்பதும் பிடித்ததை விடாததும் வரும். காணுகிற எதையும் பிடிக்கத் தூண்டுகிற ஒரு பழக்கம் நம் எல்லோருக்குள்ளும் உண்டு. குழந்தை விரலைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வளர்ந்த மூளை அதை அடக்கி வைத்திருக்கிறது. அடக்குகிற இடம் போனால் பழையது தலைதூக்கும்.

இந்த நிலை அரிது. ஆனால் உங்கள் வீட்டில் வந்துவிட்டால், அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள் என்பதுதான் சிகிச்சையாளர்கள் சொல்லும் எளிய வழி. சின்னப் பந்தோ சுருட்டிய துவாயோ கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், மற்றக் கை தன் வேலையைப் பார்க்கலாம். நடக்கும்போது கைத்தடியைக் கொடுத்தாலும் சரி. அடித்துக் கட்டி வைக்காதீர்கள். கோபம் கொள்ளவும் அவசியமில்லை, அவரைவிட அந்தக் கையால் அதிகம் பயந்தவர் வீட்டில் யாருமில்லை.

கொட்டாவியும் ஓர் அற்புதமும்

ஒன்றரை மாதம் இருக்கும். மத்தியானம் மூன்று மணி, கடற்கரைப் பக்கமாகக் கோச்சி போகிற சத்தம். பெரியம்மா படுத்தபடியே பெரிதாகக் கொட்டாவி விட்டார். விழுந்துபோயிருந்த இடது கை முழங்கை மடிய மெல்ல மேலே எழும்பியது, விரல்களும் விரிந்தன. கொட்டாவி முடிந்ததும் தொப்பென்று விழுந்தது. அம்மா கத்திய கத்தில் மேல் மாடிக்காரர்கூட இறங்கி வந்துவிட்டார்கள். “கை எழும்பிட்டுது!” கற்பூரம் கொளுத்தியாயிற்று. லண்டனுக்கும் கனடாவுக்கும் கோல் போயிற்று. பெரியம்மாவைத் தூக்கச் சொன்னோம். தூக்க முடியவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னோம். கடைசியில் அவர் அழுதுவிட்டார். அந்த அழுகைக்கு நாங்கள்தான் காரணம் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

பிசியோ செய்ய வந்த பிள்ளை அடுத்த நாள் விளக்கினாள். நாம் நினைத்து அசைப்பதற்கான பாதை மேல்மூளையிலிருந்து வருகிறது, அது அறுந்திருக்கிறது. கொட்டாவி, தும்மல், இருமல் போன்றவை கீழே மூளைத்தண்டிலிருந்து கிளம்புகிறவை, அந்தப் பழைய பாதை இன்னும் இருக்கிறது. மேலேயிருந்து கட்டுப்பாடு இல்லாததால் கொட்டாவியின் அலை கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. கை முற்றாகச் செத்துவிடவில்லை என்பதற்கு அது அடையாளம், ஆனால் சுகமாகிவிட்டதன் அடையாளம் இல்லை. “அதைப் பார்த்து ‘தூக்கு, தூக்கு’ எண்டு நெருக்காதேங்கோ அக்கா” என்றாள்.

இப்படி ‘ஆள் இல்லாத’ அசைவுகள் இன்னும் சில உண்டு. எழும்பி நடக்கும்போது விழுந்த கை தானாக மடங்கி நெஞ்சோடு ஒட்டும். பாதத்தை வேகமாக மேல்நோக்கி அழுத்தினால் கணுக்கால் டக்டக்கென்று துடிக்கும். இவை இறுக்கத்தால் வருபவை. இறுக்கம் கூடினால் பயிற்சி, குளிசை, ஊசி என்று வைத்தியம் இருக்கிறது. உணர்வு போன கை, கண்ணை மூடியதும் தன்பாட்டில் மிதப்பதும் விரல்கள் ஊர்வதும் உண்டு. கை எங்கே என்ற செய்தி வராததால் மூளைக்கு அதை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கத் தெரியவில்லை.

மூளையின் ஆழத்தில், அவரை விதையளவு ஒரு சின்ன இடத்தில் அடிபட்டால், ஒரு பக்கக் கைகால் வீசி எறிவதுபோலப் பலமாக ஆடும். பார்க்கவே பயங்கரமாக இருக்கும். நித்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும். பலருக்குக் கிழமைக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ தானே குறையும், மருந்தும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு இரத்தத்தில் சீனி மிக ஏறினாலும் இதே மாதிரி ஆட்டம் ஒரு பக்கம் வரலாம். நம் வீடுகளில் சீனி இல்லாத வீடு எது? ஆகவே ஆட்டத்தைக் கண்டால் உடனே சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு அசைவுகளைச் சும்மா விடக்கூடாது. எழும்பி நிற்கும்போதெல்லாம் ஒரு பக்கக் கையோ காலோ சில நொடி உதறி, உட்கார்ந்தால் நிற்கிறதென்றால், கழுத்து இரத்தக்குழாய் மோசமாகச் சுருங்கியிருக்கலாம், இன்னொரு பாரிசவாதத்துக்கான எச்சரிக்கை அது. ஒரே தாளத்தில் கை வெட்டி வெட்டி இழுத்தால் வலிப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றே ஆஸ்பத்திரி. முகம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அடைப்பைக் கரைக்கிற மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும், அதுவும் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. அம்மா செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்தினார், அது அவருக்குத் தெம்பு தந்தது. முதல் மணித்தியாலங்கள் மட்டும் ஆஸ்பத்திரிக்கு உரியவை.

வீட்டில் என்ன செய்யலாம்?

வாதாடாதீர்கள். இதைத்தான் முதலில் சொல்வேன். “இது உங்கட கைதான், விளங்கேல்லையோ?” என்று நான் பத்துத் தரம் சொல்லியிருப்பேன். பத்துத் தரமும் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. அதற்காக “ஓமோம், என்ர கைதான்” என்று ஒத்துப் பாடவும் வேண்டாம். “உங்களுக்கு அப்பிடித் தெரியுது என்ன, பாரிசவாதத்தால வாறது” என்று சொல்லிவிட்டு, அந்தக் கையைத் தடவி, கழுவி, துடைத்து, தலையணி மேல் வையுங்கள். செய்யும்போது சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

உணர்வில்லாத கை சுடுதண்ணியில் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. சக்கர நாற்காலியின் கம்பிக்குள் போனாலும், உடம்புக்குக் கீழே நசிந்தாலும் தெரியாது. படுக்கையிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு விலகி நெடுநாள் நோகலாம்.

கண்ணாடி ஒன்று எங்களுக்கு உதவியது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கையைத் தன்னுடையது இல்லை என்றவர்கள் கண்ணாடியில் பார்த்தபோது தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பிசியோ பிள்ளையிடம் கேட்டுவிட்டு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பெரியம்மாவை இருத்தினேன். கண்ணாடியைப் பார்த்து, “அது என்ர கைதானே” என்றார். குனிந்து மடியைப் பார்த்தார். “இது ஆற்ற?” என்றார். நிமிர்ந்தால் சொந்தம், குனிந்தால் அந்நியம். நான் அருகில் முழந்தாளிட்டபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் நிற்கிறவரைப் பார்ப்பதுபோலத் தன்னைப் பார்ப்பதற்கு மூளையில் வேறொரு வழி இருக்கிறது என்பது அன்று புரிந்தது. இடது காதில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் சில நிமிடங்களுக்கு இந்த உணர்வு திரும்புவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அது ஆய்வு மட்டும்தான், வீட்டில் யாரும் காதில் தண்ணீர் விடாதீர்கள்.

பலருக்கு இந்த அந்நியம் நாட்களிலோ கிழமைகளிலோ கரைந்துபோகிறது. சிலருக்கு நீள்கிறது. கிளினிக்கில் டொக்டருக்கு நம்மைப் பார்க்கக் கிடைப்பது சில நிமிடம், அதற்குள் “கை ஒரு மாதிரி இருக்கு” என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே ஒரு கொப்பி வையுங்கள். எந்தக் கை, எத்தனை மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், நித்திரையில் நின்றதா, அவர் சொன்ன சொல் என்ன என்று எழுதுங்கள். அவருடைய சொல்லை அப்படியே எழுதுவது முக்கியம். ‘அசைத்தேன்’ என்றாரா ‘அசைந்தது’ என்றாரா, ‘என்ர கை’ என்றாரா ‘இந்தக் கை’ என்றாரா என்பதில்தான் டொக்டருக்கு வேண்டிய தகவல் இருக்கிறது.

என் கொப்பியில் முதல் பக்கம்: “4ஆம் நாள், காலை. ‘உன்ர கையை எடு.’” ஐந்தாம் கிழமை: “கண்ணாடியில் ‘என்ர’, மடியில் ‘ஆற்ற’.” ஏழாம் கிழமை: “குளிக்க வார்க்கும்போது ‘அது குளிருது’.” ஒன்பதாம் கிழமை, காய்ச்சல் வந்த நாளில், திரும்பவும் “ஆற்ற கை”. பன்னிரண்டாம் கிழமை, மத்தியானம், சாப்பாட்டு மேசை: “பிள்ளை, என்ர கையைத் தூக்கி மேசையில வை, கீழ தொங்குது.”